வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்திருப்பான்: ஸ்பானிஷ் கூட்டுக் காலங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்பானிஷ் கற்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: 'அபேர்' என்ற துணைவினையோடு வரும் கூட்டுக் காலங்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

உச்சரிப்பு பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஸ்பானிஷில் எச் எழுத்தை எழுதுவார்கள், ஒலிக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் புத்தகத்தில் எச்-சில் தொடங்கும் சொற்கள் இங்கே உயிரெழுத்தில் தொடங்கும். 'தோ' என்று எழுதியிருப்பதைக் 'காது' என்பதில் வரும் ஒலியைப் போல மெல்லச் சொல்லுங்கள். 'த்தோ' என்றால் 'பத்து' என்பதைப் போல அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்பானிஷ் பி1 தேர்வுக்குப் படிக்கிறேன். 'அபேர்' வரும் காலங்களுக்கே ஏழு அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் ஆறு வடிவங்கள். ராத்திரி மனப்பாடம் செய்தால் காலையில் மறந்துவிடுகிறது. ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை. வேறு வழி உண்டா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

உண்டு. ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் பேசும் தமிழைக் கையில் எடுங்கள்.

'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். சாப்பிட்டு, இருக்கிறேன். முதல் பாதி வினையெச்சம், அது மாறவே மாறாது. காலம், ஆள், ஒருமை பன்மை எல்லாவற்றையும் 'இரு' சுமந்துகொள்கிறது. சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன். இதை நமக்கு யாரும் அட்டவணை போட்டுச் சொல்லித் தரவில்லை. ஸ்பானிஷிலும் அமைப்பு இதேதான், வரிசை மட்டும் தலைகீழ். துணைவினை முன்னே வரும், எச்சம் பின்னே வரும். 'எ கொமீதோ' என்றால் சாப்பிட்டிருக்கிறேன். 'அபீயா கொமீதோ' என்றால் சாப்பிட்டிருந்தேன். 'அப்ரே கொமீதோ' என்றால் சாப்பிட்டிருப்பேன். 'கொமீதோ' மூன்றிலும் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் நீங்கள் படிக்க வேண்டியது ஏழு அட்டவணை இல்லை, 'அபேர்' என்ற ஒரே வினை. நிகழ்காலத்தில் அது எ, ஆஸ், ஆ, எமோஸ், அபேய்ஸ், ஆன். இதை ஓட்டமாகச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எச்சத்துக்கு விதி சுலபம்: 'ஆர்' என முடியும் வினைக்கு 'ஆதோ', 'எர்', 'ஈர்' என முடிபவற்றுக்கு 'ஈதோ'. விதிக்கு அடங்காதவை ஒரு டஜன் தேறும்: எச்சோ (செய்து), தீச்சோ (சொல்லி), பிஸ்த்தோ (பார்த்து), எஸ்கிரீத்தோ (எழுதி), புயெஸ்த்தோ (வைத்து), அபியெர்த்தோ (திறந்து), ரோத்தோ (உடைந்து), புயெல்த்தோ (திரும்பி), முயெர்த்தோ (இறந்து). தினமும் வாயில் வரும் வினைகள் என்பதால்தான் இவை பழைய உருவத்தைக் கைவிடாமல் இருக்கின்றன. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், இங்கே குறுக்கு வழி கிடையாது.

பொருளுக்கும் ஒரே விதி போதும். துணைவினை எந்த நேரத்தில் நிற்கிறதோ, அதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. 'க்வாந்தோ யெகே, எல் த்ரேன் அபீயா ஸலீதோ': நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பியிருந்தது. 'அபீயா' நிற்பது நான் ஸ்டேஷனில் நுழைந்த நேரத்தில். ரயில் கிளம்பியது அதற்கும் முன்னால்.

இந்த விதியைப் பெயரிலேயே பொதித்து வைத்தவர் ஆந்த்ரேஸ் பெய்யோ. கராகஸில் 1781-ல் பிறந்தவர். 1847-ல் சிலியின் சாந்தியாகோவில் அவருடைய காஸ்தீய மொழி (அதாவது ஸ்பானிஷ்) இலக்கணம் வெளிவந்தது. அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயனுக்காக எழுதியது என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஸ்பெயின் புத்தகங்கள் 'பிரெத்தேரித்தோ ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ' என்று மூச்சு முட்டப் பெயர் சொல்லும் இடத்தில், பெய்யோ 'ஆந்தே' என்ற முன்னொட்டை மட்டும் வைத்தார். 'ஆந்தே' என்றால் முன். நிகழ்காலத்துக்கு முன் நடந்தது ஆந்தேபிரெசெந்தே, எதிர்காலத்து ஒரு புள்ளிக்கு முன் முடிந்துவிடுவது ஆந்தேஃபுதூரோ. மெக்சிகோ பள்ளிப் பாடங்களில் இன்றும் இந்தப் பெயர்கள் வழங்குகின்றன. சென்னையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் முதலில் இவற்றைத்தான் சொல்லித் தருகிறேன். தேர்வுத்தாளில் வேறு பெயர் வரலாம், பரவாயில்லை. காலத்தைப் புரிந்துகொள்ள பெய்யோவை மிஞ்ச ஆளில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இங்கே தமிழருக்குக் கிடைக்கும் வசதி பெரியது. மணி எட்டாகிவிட்டது. பையன் வீட்டுக்கு வந்துவிட்டானா என்று யாரோ கேட்கிறார்கள். நமக்கு நிச்சயமாகத் தெரியாது. 'இந்நேரம் வந்திருப்பான்' என்கிறோம். வடிவம் எதிர்காலம், சொல்வது நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய ஊகம். ஸ்பானிஷ்காரர் 'யா அப்ரா யெகாதோ' என்பார். அதுவும் வடிவத்தில் எதிர்காலம், பொருளில் ஊகம். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். எதிர்கால வடிவத்தை எப்படி நேற்றைய சங்கதிக்குப் போடுவது என்று நானும் பல வகுப்புகளில் கேள்வி வாங்கியிருக்கிறேன். தமிழில் யோசிக்கச் சொன்னதும் கேள்வி தானாக நின்றுவிடும்.

அதேபோல, காலையில் கதவைத் திறக்கிறீர்கள், தெரு நனைந்திருக்கிறது. மழை பெய்ததை நீங்கள் பார்க்கவில்லை. 'மழை பெய்திருக்கிறது' என்பீர்கள். 'ஆ யொபீதோ'. வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாடிக்கையாளர்கள் மெக்சிகோக்காரர்கள். என் பாடப்புத்தகம் 'இன்று காலை உணவு சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஓய் எ தெசாயுனாதோ' என்று சொல்லச் சொல்கிறது. அவர்கள் எல்லோரும் 'ஓய் தெசாயுனே' என்கிறார்கள். புத்தகம் தப்பா, அவர்கள் தப்பா? (சோழிங்கநல்லூர் வாசகர்)

இரண்டும் சரி. உங்கள் புத்தகம் மாட்ரிட் ஸ்பானிஷைச் சொல்லித் தருகிறது, உங்கள் வாடிக்கையாளர்கள் வேறு ஊர்க்காரர்கள். கூட்டுக் காலங்களில் ஊருக்கு ஊர் மாறுவது முக்கியமாக இந்த ஒன்றுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாட்ரிட்காரருக்கு 'எ'யும் சாதாரண இறந்தகாலமும் நாட்காட்டியைப் பொறுத்தவை. இன்று, இன்று காலை, இந்த வாரம், இந்த வருஷம் என்று இன்னும் முடியாத ஒரு கால அளவுக்குள் நடந்தால் 'எ தெசாயுனாதோ'. நேற்று, போன வாரம், 2010-ல் என்று கதவு சாத்தப்பட்ட காலத்தில் நடந்தால் 'தெசாயுனே'. காலையில் சாப்பிட்டதை ராத்திரி பத்து மணிக்குச் சொன்னாலும் 'எ' போட்டுத்தான் சொல்வார். மறுநாள் அதே இட்லியைப் பற்றிப் பேசினால் 'எ' போய்விடும்.

மெக்சிகோவில் கணக்கு வேறு. முடிந்தது முடிந்ததுதான், அஞ்சு நிமிஷம் முன்னால் முடிந்தாலும் சாதாரண இறந்தகாலம். வீட்டுக்குள் நுழைந்ததும் 'யா யெகே' (வந்துட்டேன்) என்பார்கள். 'எ' என்பதை, முடியாமல் தொடர்வதற்கும், வாழ்க்கையில் எப்போதாவது நடந்த அனுபவத்துக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மெக்சிகோக்காரர் ஒருவர் 'எ பிபீதோ அக்கீ தியேஸ் ஆஞோஸ்' (இங்கே பத்து வருஷம் வாழ்ந்திருக்கிறேன்) என்றால் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். 'வாஹாகா ஊருக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா?' என்று கேட்கவும் 'ஆ' வரும்.

இப்போது நம் தமிழைக் கவனியுங்கள். காலை உணவு ஆயிற்றா என்று கேட்டால், 'சாப்பிட்டேன்' என்கிறோம். யாரும் 'சாப்பிட்டிருக்கிறேன்' என்று பதில் சொல்வதில்லை. சொன்னால் கேட்பவர் ஒரு கணம் யோசிப்பார். 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பது 'சிறுதானியப் பொங்கல் சாப்பிட்டிருக்கீங்களா?' என்ற மாதிரி அனுபவத்தைக் கேட்கும் இடத்தில் வரும். அதாவது நம் காது மெக்சிகோ வழக்கத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பெயினில் அச்சான புத்தகத்தை வைத்துக்கொண்டு, நமக்கு இயல்பாக வருவதைத் தப்பென்று அடித்துத் திருத்தி, அப்புறம் மெக்சிகோ நிறுவனத்தில் வேலைக்கு அனுப்புகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மாட்ரிடில் லாவாபியெஸ் பகுதியில் ஒரு மூதாட்டியின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சமையலறையிலிருந்து குரல் வரும்: 'ஆஸ் செனாதோ யா?' பின்னாளில் மெக்சிகோவின் குவாதலஹாராவில் பாடம் நடத்தியபோது, வாசலில் இருந்த காவலாளி மதியம் தவறாமல் கேட்பார்: 'யா கொமியோ, மாயெஸ்த்ரா?' இரண்டும் நம் ஊர் 'சாப்பிட்டாச்சா?'தான். முன்னவர் கூட்டுக் காலத்தில் கேட்டார், பின்னவர் துணைவினை இல்லாத தனிக் காலத்தில், அதாவது சாதாரண இறந்தகாலத்தில் கேட்டார். அக்கறை ஒன்றுதான்.

மெக்சிகோவில் உங்களைத் திடுக்கிட வைக்கக்கூடிய இன்னொன்று 'தொதபீயா நோ யேகா'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இன்னும் வருவதில்லை' என்று நிகழ்காலத்தில் இருக்கும். பொருள் 'இன்னும் வரவில்லை'. ஸ்பெயினில் இதற்கு 'தொதபீயா நோ ஆ யெகாதோ'. வாடிக்கையாளர் 'அந்தக் கோப்பு தொதபீயா நோ யேகா' என்று எழுதினால் கோப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம், உடனே அனுப்புங்கள்.

ஸ்பெயின் என்றாலே எல்லா இடத்திலும் 'எ' என்றும் நினைக்க வேண்டாம். கலீசியா, அஸ்தூரியாஸ், லெயோன், கனேரித் தீவுகள் ஆகிய பகுதிகளில் இன்று நடந்ததற்கும் தனிக் காலத்தையே சொல்வார்கள். புவெனோஸ் ஐரெஸிலும் பேச்சில் அதுதான் ஓங்கி நிற்கிறது. மாட்ரிடிலேயே நாட்காட்டிக் கணக்கு சில சமயம் உடையும். 'மி பாத்ரே ஆ முயெர்த்தோ ஆசே த்ரேஸ் ஆஞோஸ்': அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது. கதவு சாத்திய காலம்தான், 'முரியோ' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் துக்கம் இன்னும் ஆறாதவர் 'ஆ முயெர்த்தோ' என்று சொல்வதுண்டு. மூன்று வருஷம் ஆனாலும் அது அவருக்கு இன்றைய சங்கதி. இலக்கணம் இதைத் தப்பென்று ஒதுக்குவதில்லை.

ஆக, உங்களுக்கு என் யோசனை: பேசும்போதும் மின்னஞ்சல் எழுதும்போதும் வாடிக்கையாளர் வழக்கத்தையே பின்பற்றுங்கள். ஸ்பானிஷ் மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் தெலே தேர்வு எழுதுவதானாலும் பயம் வேண்டாம், படித்தவர்கள் பேசும் எந்த நாட்டு வழக்கையும் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்துகட்டி எழுதாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் பிரெஞ்சு படித்தேன். அங்கே போவது, வருவது போன்ற வினைகளுக்கு வேறு துணைவினை, பெண்பால் என்றால் எச்சத்தில் ஒரு எழுத்து கூடும். ஸ்பானிஷிலும் அப்படித்தானா? (இல்லத்தரசி, புதுச்சேரி)

இல்லை. உங்களுக்கு நல்ல செய்திதான் சொல்லப்போகிறேன்.

ஸ்பானிஷில் துணைவினை ஒன்றே ஒன்று. போயிருக்கிறேன், பிறந்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன் எல்லாவற்றுக்கும் 'எ'. சொல்பவர் ஆணா பெண்ணா, செயப்படுபொருள் ஒருமையா பன்மையா என்றெல்லாம் பார்க்கத் தேவையில்லை. 'எ எஸ்கிரீத்தோ லாஸ் கார்த்தாஸ்', கடிதங்களை எழுதியிருக்கிறேன். கடிதம் பெண்பால், பன்மை. எச்சம் அசையவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. லத்தீனில் 'ஹபேரே' என்றால் வைத்திருத்தல். 'எழுதப்பட்ட கடிதங்களை வைத்திருக்கிறேன்' என்பதுதான் காலப்போக்கில் 'எழுதியிருக்கிறேன்' ஆயிற்று. அந்தப் பழைய பொருள் மனதில் இருந்தவரை, இடைக்கால எழுத்துகளில் எச்சமும் கடிதங்களோடு பொருந்தி மாறியது. போவது, வருவது போன்ற வினைகளுக்கு 'ஸேர்' என்ற வேறு துணைவினையும் இருந்தது. நீங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சு இன்னும் அந்தப் படியில் நிற்கிறது, ஸ்பானிஷ் இறங்கி வந்துவிட்டது. வைத்திருத்தல் என்ற பொருள் இப்போது 'தெனேர்' என்ற வினையிடம் போய்விட்டது. அதோடு சேரும்போது மட்டும் எச்சம் பழையபடி பொருந்தும்: 'தெங்கோ எஸ்கிரீத்தாஸ் லாஸ் கார்த்தாஸ்', கடிதங்களை எழுதி வைத்திருக்கிறேன். பாருங்கள், தமிழிலும் 'எழுதியிருக்கிறேன்', 'எழுதி வைத்திருக்கிறேன்' என்று இரண்டும் தனித்தனியே உண்டு.

பிரெஞ்சு படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அங்கே 'எப்போதும்', 'நன்றாக' போன்ற சொற்களைத் துணைவினைக்கும் எச்சத்துக்கும் நடுவில் செருகுவீர்கள், 'ஜே தூஜூர் பார்லே' என்று. ஸ்பானிஷில் அந்த இடைவெளியைத் தொடாதீர்கள். 'சியெம்ப்ரே எ அப்லாதோ' என்று முன்னால் வையுங்கள், அல்லது பின்னால் வையுங்கள். அவனை, அதை என்ற சிறு சொற்களும் துணைவினைக்கு முன்னால்தான்: 'நோ லோ எ பிஸ்த்தோ', அவனை நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்கும்போதும் இரண்டும் ஒட்டியே இருக்கும். 'தே அபேர்லோ யோ ஸபீதோ' (எனக்கு அது தெரிந்திருந்தால்) போன்ற ஏட்டு வழக்கில் 'நான்' நடுவே வருவதைப் பார்ப்பீர்கள். அது விதிவிலக்கு.

கேள்வி: 'நீ படித்திருந்தால் தேறியிருப்பாய்' என்பதில் 'உபியேரா' எங்கே, 'அப்ரீயா' எங்கே? மாற்றி மாற்றிப் போடுகிறார்களே? (ஆசிரியர், ஈரோடு)

'ஸி உபியேராஸ் எஸ்துதியாதோ, அப்ரீயாஸ் அப்ரொபாதோ.' நிபந்தனை இருக்கும் பாதியில் 'உபியேரா', விளைவு இருக்கும் பாதியில் 'அப்ரீயா'. தமிழில் '-இருந்தால்' வரும் இடம் முதலாவது, '-இருப்பாய்' வரும் இடம் இரண்டாவது.

விளைவுப் பாதியிலும் 'உபியேராஸ் அப்ரொபாதோ' என்று சொல்பவர்கள் ஏராளம். ஸ்பானிஷ் அகாதெமி அதை ஏற்றுக்கொள்கிறது, நீங்களும் தயங்காமல் எழுதலாம். 'உபியேரா'வுக்குப் பதில் 'உபியேஸே' என்று நிபந்தனைப் பாதியில் வந்தாலும் பொருள் மாறாது. எதிர்ப்பக்கமாகத்தான் போகக்கூடாது. 'ஸி அப்ரீயாஸ் எஸ்துதியாதோ' என்று ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பேச்சில் கேட்கலாம். எழுத்தில் அது பிழை, தேர்வில் மதிப்பெண் போகும்.

கேள்வி: பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். நான் நாலு வார்த்தை பேசியதும் கடைக்கார அம்மா 'அபீயாஸ் ஸபீதோ அப்லார் எஸ்பாஞோல்!' என்றார். 'உனக்கு ஸ்பானிஷ் பேசத் தெரிந்திருந்தது' என்று எதற்குச் சொல்ல வேண்டும்? இப்போது தெரியாது என்கிறாரா? (வாசகர், கோயம்புத்தூர்)

உங்களைப் பாராட்டியிருக்கிறார். 'அடடே, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்கிறதே!' என்று அர்த்தம்.

ஆந்தீஸ் மலைப்பகுதியில் கெச்சுவா, அய்மாரா மொழிகள் ஸ்பானிஷோடு நூற்றாண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. அந்த மொழிகளில், நேரில் பார்க்காமல் பிறகு தெரிய வந்ததையும், எதிர்பாராமல் இப்போது கண்டுபிடித்ததையும் சொல்ல வினையில் தனி விகுதி உண்டு. கெச்சுவாவில் அது '-ஸ்கா', அய்மாராவில் '-தாய்னா'. இரண்டு மொழியும் பேசும் மக்கள் ஸ்பானிஷிலும் அந்த வேறுபாட்டைச் சொல்ல விரும்பி, 'அபீயா' காலத்தை அதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். லா பாஸில் இதை அதிகம் கேட்கலாம். 'உடைந்த ஸ்பானிஷ்' என்று இதைச் சிலர் ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதே அல்ல. மாட்ரிட் ஸ்பானிஷில் இல்லாத ஒரு நுட்பத்தை இந்த மக்கள் சேர்த்திருக்கிறார்கள். தேர்வில் எழுதாதீர்கள். லா பாஸில் கேட்டால் சந்தோஷப்பட்டு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: 'ஊபே கொமீதோ' என்று ஒரு காலம் அட்டவணையின் கடைசியில் இருக்கிறது. படிக்க வேண்டுமா? (மேலே எழுதிய அதே திருநெல்வேலி மாணவி)

பேசுவதற்கு வேண்டாம். 'அபேனாஸ் ஊபோ தெர்மினாதோ' (முடித்தானோ இல்லையோ, உடனே) என்ற மாதிரி, ஒன்று முடிந்த மறுகணம் அடுத்தது நடந்ததைச் சொல்லப் பழைய நாவல்களில் வரும். இன்று அந்த இடத்தில் 'தெர்மினோ' என்ற தனிக் காலமே போதும் என்று விட்டுவிட்டார்கள். பார்த்தால் அடையாளம் தெரிந்தால் சரி. அந்த நேரத்தில் 'எச்சோ', 'தீச்சோ', 'பிஸ்த்தோ' பட்டியலை இன்னொரு முறை எழுதிப் பாருங்கள், பி1 தாளில் அவைதான் வரும்.